சோழகம் குறைவு, வள்ளம் ஓடும்

போன மாதம் மன்றத்தின் புதிய நிர்வாகிகள் தொலைபேசியில் அழைத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். இனிமேல் எந்தத் திரி மேலே நிற்கவேண்டும் என்பதைக் கொம்பியூட்டரே தீர்மானிக்குமாம். அதிகம் பேர் திறந்து பார்த்தது மேலே ஏறும், பார்க்காதது கீழே இறங்கும். "அக்கா, நீங்கள் இவ்வளவு வருசமா இதை என்னெண்டு கையாலை செய்தனீங்கள்? ஒரு முறை இருந்திருக்கும்தானே, அதை எழுதித் தாங்கோ" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முறை வரவில்லை, ஆட்கள்தான் வருகிறார்கள். அதனால் ஆட்களைப் பற்றியே எழுதுகிறேன். முறையை அவர்கள் அதற்குள் தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள எங்கள் தீவுப் பகுதி ஆட்கள், ஊரில் இருப்பவர்களும் வெளிநாடு போனவர்களும், இணையத்தில் கூடிக் கதைக்கும் இடம்தான் மன்றம். ஒருவர் ஒரு விஷயத்தைத் தொடங்குவார், மற்றவர்கள் அதன் கீழே எழுதிக்கொண்டு போவார்கள். அந்தத் தொடர் முழுவதற்கும் திரி என்று பெயர். புதிதாக யாரும் எழுதாவிட்டால் திரி கீழே போய் மறைந்துவிடும். அப்படிப் போகவிடாமல் உச்சியில் நிறுத்தி வைப்பதை நாங்கள் பின் குத்துவது என்போம். ஊர்காவற்றுறையில், துறைமுகத்துக்குக் கிட்ட, காசு கொடுத்துத் தொலைபேசியும் இணையமும் பாவிக்கும் ஒரு கொமினிகேசன் கடையின் மேல் அறையில் இருந்துகொண்டு அந்த வேலையைத்தான் நான் பார்த்தேன். கீழே கடைக்கு வரும் பிள்ளைகள் என்னைப் 'பின் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். என் அம்மாவுக்கு இந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை. யாராவது கேட்டால், "அவள் லண்டன்காரர் ஒருத்தருக்கு நோட்டீஸ் ஒட்டுறவள்" என்பார். அதுவும் பெரிய பிழை என்று சொல்ல முடியாது.

அந்த லண்டன்காரர்தான் பொன்னையா அண்ணை. மன்றத்தைத் தொடங்கியவர், எனக்குச் சம்பளம் தந்தவர். சொந்த ஊர் புங்குடுதீவு. அவருடைய தகப்பனுக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் பலசரக்குக் கடை இருந்தது. அரைக்காற்சட்டை போட்ட வயதிலிருந்து அந்தக் கடையில் நின்று வளர்ந்தவர். ஒரு கலவரத்தில் கடை போய்விட, அவர் லண்டனுக்குப் போனார். ஆனால் கடை அவரை விட்டுப் போகவில்லை. மன்றத்தையும் ஒரு கடையாகத்தான் நடத்தினார்.

நான் வேலை பழகிய காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தட்டச்சுத் தெரியும், பொறுமை தெரியாது. எழுத்துரு மாற்றுவது, படம் ஏற்றுவது, சண்டை பிடிப்பவர்களை ஒரு கிழமைக்குத் தள்ளி வைப்பது எல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் பழகிவிட்டேன். பொறுமை மட்டும் பொன்னையா அண்ணையிடம் தொலைபேசியில் படிக்கவேண்டியிருந்தது.

அவர் எடுத்தவுடன் வேலையைப் பற்றிக் கதைக்க மாட்டார். "சாப்பிட்டீரோ? என்ன கறி?" என்று கேட்பார். மீன் என்றால் என்ன மீன் என்று கேட்பார். பிறகுதான் விஷயம். நான் ஏதாவது முறைப்பாடு சொன்னால், "ம், பிறகு?" என்பார். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து நானே கதைத்துக் கதைத்து, கடைசியில் என் முறைப்பாட்டுக்கு நானே பதிலும் சொல்லி முடித்துவிடுவேன். "அதைத்தான் நானும் நினைச்சனான்" என்று சொல்லிப் போனை வைப்பார். இப்படி என்னை வேலை வாங்கிய மனிதர் வேறு யாரும் இல்லை.

ஐந்து திரிக்கு மேல் பின் குத்தக்கூடாது என்பது அவருடைய சட்டம். "கடை வாசலிலை அஞ்சு சாக்குக்கு மேலை அடுக்கினா ஆக்கள் உள்ளுக்கு வர இடமிருக்காது, தங்கச்சி. ஆக்கள் கேக்கிற சாமானை வாசலிலை வையும். நாங்கள் தள்ளிவிட நினைக்கிறதை உள்ளுக்கு வையும்." இதைச் சொல்ல லேசு. சுவிஸில் இருந்து ஒரு சங்கத் தலைவர் தம்முடைய மணிவிழாத் திரியை மேலே வைக்கச் சொல்லி என் உயிரை எடுத்தார். படங்கள் மட்டும் ஒரு அல்பம் நிறைய. முடியாது என்றேன். மேலிடத்தில் சொல்லுவேன் என்றார். மேலிடத்துக்குப் போன் அடித்திருக்கிறார். பொன்னையா அண்ணை அவரிடம் என்ன கறி என்று கேட்டிருக்கிறார். அந்தக் கதை அதோடு முடிந்தது.

அதற்காக அவர் பெரிய நீதிமான் என்று நினைத்துவிட வேண்டாம். தான் படித்த பள்ளிக்கூடத்தின் விழாத் திரியைத் தானே லண்டனில் இருந்து இரகசியமாகப் பின் குத்தினார். ஆறாவது சாக்கு! நான் காலையில் வந்து கண்டு, கழற்றிவிட்டேன். ஒரு கிழமையாக என்ன கறி என்று கேட்கவில்லை. எட்டாம் நாள் தானாகப் போன் எடுத்து, "அண்டைக்கு நீர் செய்தது சரி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மரவள்ளிக்கிழங்குக் கறி என்று கேளாமலே சொன்னேன்.

மரண அறிவித்தல்களுக்கு வேறு ஒழுங்கு இருந்தது. எங்கள் ஆட்கள் பத்துத் தேசத்தில் சிதறிக் கிடப்பதால் செத்தவீட்டுச் செய்திக்கு மன்றத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை ஜெர்மனியில் ஒரு பெண், வேலை இடத்தில் தேத்தண்ணி நேரத்தில் மன்றத்தைத் திறந்து, தன் தாயின் படத்தை உச்சியில் கண்டுவிட்டாள். வீட்டுக்காரர் அவளுக்குச் சொல்லுமுன் அறிவித்தல் வந்துவிட்டது. அன்றிலிருந்து பொன்னையா அண்ணையின் புதுச் சட்டம்: முதல் ரெலிபோன், பிறகு பின். இறந்தவரின் நெருங்கிய உறவுகள் எல்லோருக்கும் வாயால் சொல்லியாகிவிட்டதா என்று நான் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் அறிவித்தல் மேலே போகும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அது அங்கே நிற்கும். இறக்குவதற்கு முன் ஒருமுறை முழுவதையும் வாசிப்பேன். ஒரு மனிதரை யாரும் பார்க்காமல் இறக்கக்கூடாது என்று எனக்குள் ஒரு எண்ணம்.

ஐந்தில் ஒரு பின் நிரந்தரமாக வள்ளத் திரிக்கு. நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்கும் இடையே இன்றைக்கு வள்ளம் ஓடுமா ஓடாதா என்பதுதான் அதில் உள்ள ஒரே விஷயம். அதை எழுதியவர் நெடுந்தீவில் இருந்த சிவம் அண்ணை. மாடு வளர்த்தவர், கொஞ்சம் தோட்டம் செய்தவர். விடிந்ததும் சைக்கிளில் மாவிலித்துறைக்குப் போய், கடலைப் பார்த்து, வள்ளக்காரரைக் கேட்டு, அங்கே நின்றபடியே தன் சின்னப் போனில் இரண்டு வரி எழுதுவார். 'சோழகம் குறைவு, வள்ளம் ஓடும்.' அல்லது, 'வாடை கடுமை, இன்று இல்லை.' சோழகம் தெற்கத்திக் காற்று, வாடை வடக்கத்திக் காற்று. வீட்டில் இருந்துகொண்டு ஊகித்து ஒருநாளும் எழுதமாட்டார். காய்ச்சல் என்றாலும் போவார். "பாக்காமல் எழுதினா அது பொய்தானே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த வரியை நம்பித்தான் கர்ப்பிணிகளும் ஆசிரியர்களும் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் ஏறினார்கள்.

ஆனால் அதைத் தவறாமல் வாசித்த ஒருவருக்கு வள்ளத்தால் ஒரு பயனும் இல்லை. அவர் சிவம் அண்ணையின் தமையன், நடராசா அண்ணை. ரொறன்ரோவில் இருந்தார். சகோதரர் இரண்டு பேரும் ரெலிபோனில் கதைப்பது குறைவு. தம்பியின் குரலைக் கேட்டால் தமையனுக்கு அழுகை வந்துவிடும், தமையன் அழுதால் தம்பிக்குக் கதை வராது. அதனால் தம்பி காற்றைப் பற்றி எழுதுவார், அங்கே இரவு படுக்கப்போகுமுன் தமையன் அதை வாசிப்பார். ஒருநாளும் பதில் எழுதியதில்லை. இதை எனக்குச் சொன்னது சிவம் அண்ணையின் ஒரே மகள் வதனி. புதிய நிர்வாகிகளே, உங்கள் கொம்பியூட்டர் எண்ணும்போது இப்படி ஒருவர் அதற்கு ஒன்று என்ற எண்ணாகத்தான் தெரிவார். வள்ளத் திரியை மட்டும் கையால் குத்தி வையுங்கள். நான் உங்களிடம் கேட்பது அது ஒன்றுதான்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நான் அறையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வதனி போன் எடுத்தாள்.

"அக்கா, அப்பா மோசம் போயிட்டார்."

விடியும்போது நெஞ்சுக்குள் நோகிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமுன் முடிந்துவிட்டது. அவளுக்குத் தாய் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அழுது ஓய்ந்துபோன குரலில், "நாளைக்குக் காலைமை எடுக்கிறம் அக்கா. இண்டைக்கே மேலை போட்டாத்தான் கொழும்பிலை, வவுனியாவிலை இருக்கிற ஆக்கள் வள்ளத்துக்கு வந்து சேருவினம். இஞ்சை வைச்சிருக்க ஏலாது" என்றாள்.

நானும் அழுதேன். அழுதுகொண்டே சட்டப்படி கேட்கவேண்டியதைக் கேட்டேன். "பெரியப்பாவுக்குச் சொல்லியாச்சோ?"

"பெரியம்மாவுக்குச் சொன்னனான். குழறிக்கொண்டு போனை வைச்சிட்டா. அங்கை நாளைக்குக் காலைமை அபிக்குக் கலியாணம்."

அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு; அவர்களுக்குக் காலை என்றால் எங்களுக்கு அன்று பொழுதுபடும் நேரம். அபி நடராசா அண்ணையின் மகள். அவளுடைய கலியாணத்தைப் பற்றிச் சிவம் அண்ணை வள்ளத் திரியிலேயே எழுதியிருந்தார், காற்றைத் தவிர அவர் எழுதிய ஒரே விஷயம் அதுதான். கூடப்பிறந்த தம்பி செத்தால் தமையன் குடும்பம் முழுவதற்கும் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு மணவறை ஏற முடியாது, மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியாது. மண்டபம், மாப்பிள்ளை வீட்டார், வந்து இறங்கிய சனம் எல்லாம் அப்படியே நிற்கவேண்டியதுதான்.

நான் போனை வைத்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை, ரொறன்ரோவில் இருந்து அழைப்பு வந்தது. நடராசா அண்ணையின் மனைவி. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, நான் குளியலறைக்குள்ளை நிண்டு கதைக்கிறன். வெளியிலை வீடு நிறைய ஆக்கள். அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு சிரிச்சுக்கொண்டிருக்கிறார். ஐயரைத் தனியாக் கேட்டனான். காதிலை விழும் வரைக்கும் அவருக்குத் துடக்கில்லையாம். தாலி கட்டி முடிஞ்ச உடனை நானே சொல்லுவன். பாவம் எண்டால் என்ரை தலையிலை கிடக்கட்டும். அவர் படுக்க முன்னம் உங்கடை மன்றத்தைத்தான் பாப்பார். போட்டிடாதேங்கோ, உங்களைக் கும்பிட்டன்."

வதனிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் குரல் மாறியது. "அப்ப என்ரை அப்பாவை ஒரு நாள் ஒளிச்சு வைக்கவேணுமோ? ஒவ்வொரு நாளும் மேலை நிண்ட மனுசன். செத்த அண்டைக்கு மட்டும் கீழை கிடக்கிறதோ? ஒருத்தரும் வராமல் அவரைத் தூக்கிக்கொண்டு போறதோ?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. அங்கே கும்பிட்டதிலும் பிழை இல்லை. அறிவித்தலை எழுதி, சிவம் அண்ணையின் படத்தையும் வைத்து, ஒரு அழுத்தில் மேலே போகும்படி தயாராக வைத்துக்கொண்டு பொன்னையா அண்ணைக்கு அடித்தேன்.

அன்றைக்கு அவர் என்ன கறி என்று கேட்கவில்லை. முழுவதையும் கேட்டார். வழக்கமான மௌனம் வந்தது. இந்த முறை நானும் மௌனமாக இருந்தேன். கடைசியில் அவர்தான் கதைத்தார். "தகப்பன் அந்தப் பிள்ளையின்ரை. உரித்து அவளுக்குத்தான். அவளைக் கேளும். போடச் சொன்னால் போடும், ரொறன்ரோவுக்கு நான் பதில் சொல்லுறன். வேண்டாம் எண்டால் விடும். ஆனால் நீர் அவளுக்கு ஒரு புத்தியும் சொல்லப்படாது."

வதனிக்கு மீண்டும் அடிக்கப் போனபோதுதான் திரையில் அதைக் கண்டேன். வள்ளத் திரியில் ஒரு புதுப் பெயர், 'நடா'. நடராசா அண்ணை மன்றத்தில் எழுதிய முதல் வரி.

'சிவம், இண்டைக்கு ஏன் ஒண்டும் எழுதேல்லை? வள்ளம் ஓடேல்லையோ?'

வதனிக்கு அடித்து, "நீர் ஓம் எண்டால் இப்பவே மேலை போடுறன், வதனி. ஒருத்தரும் உம்மைப் பிழை சொல்ல ஏலாது" என்றேன். பின்னால் பெண்களின் ஒப்பாரி கேட்டது.

"பெரியப்பா கேட்டிருக்கிறார், பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"அவர் ஒரு நாளும் எழுதாத மனுசன், அக்கா." கொஞ்சம் பொறுத்து, "நில்லுங்கோ, ஒண்டும் செய்யாதேங்கோ. நான் துறைக்குப் போட்டு வாறன்" என்றாள்.

செத்தவீட்டை விட்டு, தகப்பனைக் கூடத்தில் கிடத்திவிட்டு, துறைக்கா? அங்கே நின்ற பெண்களும் அதையே கேட்டு அவளை ஏசியிருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. தகப்பனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாவிலித்துறையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறாள். வள்ளக்காரர் அவளை அந்தக் கோலத்தில் கண்டு ஓடி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, காற்று எப்படி என்றும் கேட்டுவிட்டு, தகப்பன் நிற்கும் இடத்தில் நின்றே எழுதினாள்.

'பெரியப்பா, இது வதனி. அப்பா இண்டைக்குத் துறைக்கு வரேல்லை. நான் வந்து பாத்தனான். சோழகம் குறைவு, வள்ளம் ஓடும்.'

சிறிது நேரத்தில் ரொறன்ரோவில் இருந்து பதில் வந்தது: 'சரி பிள்ளை.'

அவ்வளவுதான். வதனி எனக்கு எடுத்து, "தாலி கட்டின பிறகு போடுங்கோ, அக்கா. அப்பாவுக்கும் அபியிலை சரியான விருப்பம்" என்றாள். ஆட்கள் எப்படி வருவார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் வள்ளக்காரர் அவளிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தார்கள், "நீர் வீட்டை போம் பிள்ளை, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்று. அதன் பொருள் எனக்கு மத்தியானத்துக்கு முன்பே தெரிந்தது. கீழே இருந்து கடைக்காரர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, நெடுந்தீவுச் சிவம் மோசம் போயிட்டாராம். நாளைக்குக் காலைமை எடுக்கினமாம். வாயாலை மட்டும்தான் சொல்லவேணுமாம். இன்டர்நெட்டிலை போடக்கூடாதாம், கனடாவிலை கலியாணமாம். முக்கியமா உமக்குச் சொல்லச் சொன்னவை."

"ஆர்?"

"பஸ் கொண்டக்டர். அவருக்குக் குறிகட்டுவானிலை வள்ளக்காரர் சொன்னவையாம்."

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. வள்ளத்தில் இருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸில் இருந்து புங்குடுதீவுக்கும் வேலணைக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு, யாழ்ப்பாணத்தில் இருந்து ரெலிபோனில் கொழும்புக்கு. செய்தியோடு, எழுதாதே என்ற சொல்லும் சேர்ந்தே போனது. எங்கள் ஆட்கள் வாயில் ஒரு இரகசியம் அரை மணித்தியாலம் தங்காது. அன்றைக்கு ஊர் முழுவதும் தெரிந்துகொண்டு, ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டது.

என் பங்குக்கு, புதிதாக எழுதப்படும் எல்லாவற்றையும் நான் பார்த்து அனுமதித்த பிறகே வெளியில் தெரியும்படி மன்றத்தை மாற்றி வைத்தேன். நல்ல காலம். பாரிஸில் ஒருவர் சிவம் அண்ணையின் பெயரைப் போட்டு அஞ்சலி எழுதிவிட்டார். நிறுத்தி வைத்துவிட்டு அவருக்கு அடித்துச் சொன்னேன். "ஐயோ அக்கா, தெரியாமப் போச்சு" என்று பதறினார். பிறகு வள்ளத் திரியில் போய், 'இங்கே நல்ல வெயில், அங்கே காற்று எப்படி?' என்று எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். நோர்வேயில் ஒருவரும் ஸ்கார்பரோவில் ஒருவரும் ஒரு கேணியின் எல்லைக்காக வருடக்கணக்காக அடிபட்டவர்கள். ஒருவரை ஒருவர் 'டேய்' போட்டு எழுத, நான் அழித்து அழித்துக் கை சலித்தவள். அவர்கள் இருவரும் வந்தார்கள். 'காத்து நல்லம் போல கிடக்கு, அண்ணை.' 'ஓம் தம்பி, நல்லம்தான்.' அந்தத் திரி வெறுமையாகக் கிடந்தால் ரொறன்ரோவில் ஒருவருக்கு யோசனை வந்துவிடும் என்று, கடலைக் கண்டு கன காலமானவர்கள் எல்லாம் கூடி நின்று காற்றைப் பற்றிக் கதைத்தார்கள். ஒவ்வொன்றையும் அனுமதிக்கும்போது எனக்குக் கண் மறைத்தது.

பொழுதுபட்ட பிறகு நடராசா அண்ணையின் மனைவியிடம் இருந்து செய்தி வந்தது. 'தாலி கட்டியாச்சு. அவருக்குச் சொல்லியாச்சு. போடுங்கோ.' சிவம் அண்ணையின் அறிவித்தலை மேலே குத்தினேன், வள்ளத் திரிக்கு நேர் மேலே.

அடுத்த நாள் காலை நானும் போனேன். குறிகட்டுவானில் நின்ற சனத்துக்கு ஒரு வள்ளம் போதவில்லை. வள்ளக்காரர் திரும்பத் திரும்ப வந்து ஏற்றினார்கள். ஒருவரிடமும் கட்டணம் வாங்கவில்லை. கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தவர்கள், வவுனியாவில் இருந்து வந்தவர்கள், சிவம் அண்ணையை ஒருமுறையும் நேரில் கண்டிராமல் அவர் எழுதியதை மட்டும் வாசித்தவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். வாசற் படலையில் பெண்கள் நின்றுவிட, ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஊர்வலம் ஒழுங்கை திரும்பும்வரை வதனி பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ்வளவு சனம், அக்கா" என்று மட்டும் சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நடராசா அண்ணை பிறகு தனியாக வந்து, அந்தியேட்டி முடியும்வரை நெடுந்தீவில் நின்றார். திரும்பிப் போகும் அன்று ஊர்காவற்றுறைக்கு வந்து, முழங்காலைப் பிடித்துப் பிடித்து என் படியேறினார். வதனி தந்துவிட்ட பனங்கட்டிக் குட்டான், சின்ன ஓலைப் பெட்டியில் வார்த்த பனைவெல்லம், ஒரு கையில்.

"நீரோ பின் அக்கா?" என்று கேட்டார். கதிரையை இழுத்துக் கொடுத்தேன். தேத்தண்ணி எடுப்பித்தேன். பாதி குடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்குக் கலியாணத்துக்கு முந்தின இரவே தெரியும், பிள்ளை."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. சிவம் துறைக்கு வரேல்லை எண்டு அவள் எழுதினவள். அவன் காய்ச்சலோடையும் போறவன். சரி, வயசு போட்டுது எண்டு மனதைத் தேத்தினன். பிறகு நித்திரை வராமல் எழும்பிப் பாத்தா, உங்கடை ஆக்கள் எல்லாரும் நிண்டு மரியாதையாக் கதைக்கினம். அந்த நோர்வேக்காரன் 'அண்ணை' எண்டு எழுதுறான்! இவ்வளவு வருசமா வாசிக்கிறன், சண்டை இல்லாத ஒரு நாளை நான் காணேல்லை. அப்ப விளங்கிட்டுது."

ஏன் கலியாணத்தை நிறுத்தவில்லை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரே சொன்னார்.

"அவள் செத்தவீட்டிலையிருந்து எழும்பிப் போய் எனக்காகக் கடலைப் பாத்து எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியும் எண்டு நான் சொன்னா, அந்தப் பிள்ளை போய் வந்தது என்னத்துக்கு? ஊர்ச் சனம் வாயை மூடிக்கொண்டிருந்தது என்னத்துக்கு? தாரை வாக்கேக்கை கை நடுங்கினது. மனுசி வயசெண்டு நினைச்சா. வீட்டை வந்தாப் பிறகுதான், எனக்கு முதலே தெரியும் எண்டு அவவுக்குச் சொன்னனான், ரெண்டு பேருமா இருந்து அழுதம்." மூக்கைச் சிந்தினார். "இதை நீர் ஆருக்கும் சொல்லலாம். இனி ஒளிக்க ஒண்டும் இல்லை."

அன்று அறிவித்தலை இறக்கும் நாள். வழக்கப்படி அதை முழுவதும் வாசித்தேன், இந்த முறை சத்தமாக. "நான் இறக்கட்டோ?" என்று கேட்டார். கொம்பியூட்டர் எலியை அவர் கைக்குக் கிட்ட நகர்த்தி, எங்கே அழுத்துவது என்று காட்டினேன். தம்பியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழுத்தினார்.

படம் மறைந்தது. அதற்குக் கீழே நின்ற வள்ளத் திரி ஒரு படி ஏறி உச்சிக்கு வந்தது. அன்று காலை வதனி எழுதியது அதில் இருந்தது.

'கடல் நல்லம், வள்ளம் ஓடும். பெரியப்பா இதிலை வாறார். குறிகட்டுவானிலை ஆராவது கை குடுத்து இறக்கி விடுங்கோ, அவருக்கு முழங்கால் ஏலாது.'

கீழே ஒருவர்: 'இறக்கியாச்சு.' இன்னொருவர்: 'பஸ்ஸில் ஏற்றியாச்சு, முன் சீற்.'

அவர் வாய்விட்டு அழுதார். நான் தடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார்.

'வந்து சேந்திட்டன், வதனி. இனி ஒவ்வொரு நாளும் பதில் எழுதுவன்.'

தேத்தண்ணிக் கோப்பையை நான் எடுத்து வைப்பதற்குள் நெடுந்தீவில் இருந்து பதில் வந்துவிட்டது.

'சரி பெரியப்பா.'